ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே அச்சு

என் அண்ணியைப் பற்றி நான் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நான் நாத்தனார். அவளை நல்லவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கெட்டவள் என்று சொன்னால் நீங்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பீர்கள். ஆனாலும் அவளுக்கு நடந்ததைச் சொல்ல என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

நானும் அண்ணனும் அண்ணியும் ஒரே தாவரத் தோட்டத்தில் வேலை பார்த்தோம். அங்கே மேற்குச் சரிவு முழுக்கப் பனை வகைகள். காட்டில் அழிந்துகொண்டிருக்கிற பனைகளின் விதையைக் கொண்டுவந்து முளைக்கவைத்து, மரமாக நிறுத்திவைக்கிற வேலை. மற்றச் செடிகளின் விதையை உலர்த்தி டப்பாவில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடலாம். இந்தப் பனைகளின் விதை அதற்கெல்லாம் மசியாது, செத்துவிடும். உயிரோடு நிற்க வைத்தால்தான் உண்டு. நான் நாற்றங்காலில் விதை போடுகிறவள். அண்ணன் மரம் ஏறுகிறவன். காய்ந்த மட்டை கழிப்பது, பூங்குலைக்குத் துணிப்பை கட்டி மகரந்தம் தூவுவது, வேண்டாத மரத்தை வெட்டி இறக்குவது எல்லாம் அவன் வேலை. அண்ணி தகடு அடிக்கிறவள்.

தகடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு மரத்தின் காலடியிலும் ஒரு இரும்புக் கம்பி நட்டிருக்கும். அதில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு அலுமினியத் துண்டு தொங்கும். அதில் அடித்திருக்கிற எண்தான் அந்த மரத்தின் பெயர், ஊர், பிறப்பு, குலம் எல்லாம். அண்ணியின் மேஜையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் விரல் நீள எஃகு அச்சுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு எண். தகட்டின் மேல் அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு. இரண்டாவது தட்டு அவள் தட்டி நான் பார்த்ததில்லை. பெட்டியில் பத்து எண்ணுக்கும் ஒன்பது அச்சுதான். ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே அச்சு. திருப்பிப் பிடித்தால் அது இது. ஒன்று என்பது வெறும் கோடு.

பத்தாவது வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடமே களை பிடுங்குகிற வேலையிலிருந்து அவளை மேஜைக்குத் தூக்கிவிட்டார்கள். அன்று ஏறியதுதான், அப்புறம் அவள் இறங்கவே இல்லை. 'எண்ணம்மா' என்று தோட்டத்தில் பெயர் வந்தது. கிண்டலுக்கு வைத்த பெயர், அவள் பட்டம் போல வாங்கிக்கொண்டாள். வீட்டுச் சாவிக்கு எண், குடைக்கு எண். சாப்பாட்டு டப்பாக்களில் அவளுடையது 1, அண்ணனுடையது 2. என் டப்பாவுக்கு 3 அடித்துக்கொண்டு வந்தபோது, "எனக்கு என் டப்பா தெரியும் அண்ணி, மூடி நெளிஞ்சிருக்கும்" என்றேன். "நெளிசல் யாருக்கும் வரும். நம்பர் ஒருத்தருக்குத்தான்" என்றாள். அந்த எரிச்சல் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தீவிலிருந்து விதைகள் வந்தன. தண்டு சாம்பல் பூசினது மாதிரி இருக்கும் என்பதால் நாங்கள் சாம்பல் பனை என்போம். அந்தத் தீவில் மிச்சமிருந்தது ஒன்பதே ஒன்பது காய்க்கிற மரங்கள். ஒவ்வொரு தாய்மரத்தின் விதையும் தனித்தனிப் பையில் வந்தது. ஒரு தாயின் பிள்ளையும் இன்னொரு தாயின் பிள்ளையும் குழம்பிவிடக் கூடாது. ஒரே தாயின் பிள்ளைகளையே வளர்த்துக்கொண்டிருந்தால் வம்சம் நாளாவட்டத்தில் நொடித்துப்போகும். அதனால் தகட்டில் முதலில் தாயின் எண், ஒரு சின்னக் கோடு, பிறகு பிள்ளையின் எண். முதல் தாய்க்கு 1-1, 1-2 என்று பதினாலு பிள்ளைகள். அதில் 1-6 மூன்றாம் வருடம் வேர் அழுகிப் போனது. ஒன்பதாம் தாய்க்கு வந்தது ஐந்து விதை, முளைத்தது ஒன்று. 9-1. விதைத்தது நான். முளைத்தபோது அதன் குருத்து மட்டும் செம்பு நிறத்தில் இருந்தது. நாலாவது வரிசையில் மூன்றாவது குழியில் அதை இறக்கி மண் தள்ளியதும் நான்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறந்ததே இல்லை.

பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு பெருங்காற்று அடித்தது. மரங்கள் தாக்குப்பிடித்தன. தகடுகள்தான் ஆடி ஆடித் துளை கிழிந்து தொங்கின. அண்ணன் அவற்றை மர வரிசைப்படியே ஒரு கம்பியில் கோத்துக்கொண்டுவந்து அண்ணியிடம் கொடுத்தான். அவனுக்குப் படிப்பு வராது, ஆனால் வரிசை தப்பாது. அண்ணி புதுத் தகடு அடிக்க ஆரம்பித்தாள். கடைசி மூன்று மரத்துக்கு வந்தபோது அலுமினியம் தீர்ந்துபோனது. கிழிந்த முனையைக் கத்தரியால் வெட்டிவிட்டு, பழைய தகட்டின் மறுமுனையில் துளை போட்டாள். அடுத்த வாரம் தகடு வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுமுனையில் துளை போட்டால் தகடு தலைகீழாகத் தொங்கும். மூன்றில் இரண்டு தகடுகள் பார்த்த மாத்திரத்தில் கோணலாகத் தெரிந்தன. தலைகீழான நாலை யாரும் எண் என்று சொல்லமாட்டார்கள். அவற்றை அவள் மாற்றிவிட்டாள். மூன்றாவது, 9-1. அதைத் திருப்பித் தொங்கவிட்டால் என்ன வரும் என்று நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 1-6 வரும். கோணல் இல்லை, குறை இல்லை, அழகான எண். எடுத்துப்போட்டவற்றில் அது சேரவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை பதிவேட்டை எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் போய்ச் சரிபார்ப்போம். அடுத்த வருடச் சரிபார்ப்பில் நாலாவது வரிசையில் நின்று அண்ணி, "ஒன்னு, ஆறு" என்று படித்தாள். பதிவேட்டில் 1-6 இறந்துவிட்டதாக அவளுக்கு முன்னால் இருந்தவர் எழுதியிருந்தார். "பாத்தீங்களா, உயிரோட இருக்கறதச் சாகடிச்சிருக்காரு" என்று சொல்லிச் சந்தோஷமாக அதை அடித்தாள். மற்றவர் தப்பு என்றால் அவளுக்கு வெல்லம்.

அண்ணன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். "அது ஒன்னோட பிள்ளை இல்ல. ஒன்பதோடது" என்றான்.

"யாரு சொன்னா?"

"ஏறுறவனுக்குத் தெரியாதா? குருத்து வரப்ப செம்பா வரும். ரெண்டு நாள்தான். அப்புறம் பச்சையாயிடும்."

நாங்கள் பதினோரு பேர் நின்றிருந்தோம். அண்ணிக்குச் சுருக்கென்றது. வீட்டில் சொல்லியிருந்தால் வேறு மாதிரி போயிருக்குமோ என்னவோ. "தகட்டுல என்ன இருக்கோ அதான் மரம்" என்றாள். பிறகு பதிவேட்டை அவன் கையில் கொடுத்தாள். "மரத்தையே படிக்கிறவரு, இதைப் படிக்க மாட்டீங்களா? அந்தப் பக்கத்துல ஒன்பதாம் தாய்க்கு என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க, கேட்டுக்கிறோம்."

அண்ணன் ஏணியை இறக்கி வைத்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பதிவேட்டை வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்து, நிஜமாகவே பார்த்தான். ஒரு நிமிடம் பார்த்திருப்பான். அவள் அதைத் தலைகீழாகக் கொடுத்திருந்தாள். அது தலைகீழ் என்று அவனுக்குத் தெரியவில்லை.

சிரிப்பு வெடித்தது. "பண்டிதரே, அடுத்த பக்கம் புரட்டுங்க!" என்று கத்தியது நான். சொந்த அண்ணன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது, அன்று வயிறு குலுங்கச் சிரித்தேன். அவன் மரத்தைப் பற்றிச் சொன்னது சரி என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். சிரிப்பை விட மனம் வரவில்லை.

அன்றிலிருந்து தோட்டம் முழுக்க அவன் 'பண்டிதர்' ஆனான். மரத்தைப் பற்றி அதற்கப்புறம் அவன் வாயைத் திறக்கவில்லை. ஏறு என்றால் ஏறினான், வெட்டு என்றால் வெட்டினான். வீட்டில் டப்பாவை நீட்டினால் வாங்கிக்கொண்டான். அண்ணி 9-1க்கு எதிரே மூன்று வருடம் 'காணவில்லை' என்று எழுதினாள். மூன்று முறை காணாவிட்டால் இறந்ததாக வைத்துக்கொள்வது விதி. நாலாம் வருடம் 'இறந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நட்ட காலத்து வரைபடம் ஒழுகுகிற பீரோவில் மாவாகிப் போயிருந்ததால், தகடுகளைப் பார்த்துப் புது வரைபடமும் அவளே போட்டாள். இதையெல்லாம் வைத்து அவள் வேலையில் குறை வைத்தாள் என்று யாரும் சொல்ல முடியாது.

போன வருடம் மேற்குச் சரிவின் கீழ்ப்பகுதியை வருகிறவர்களின் வண்டி நிறுத்த எடுத்துக்கொள்வது என்று முடிவானது. ஏழு சாம்பல் பனைகள் போக வேண்டும். இந்த வகை, பெயர்த்து நட்டால் பிழைக்காது. முன்பே இரண்டை நட்டுப் பார்த்துச் சாகடித்திருந்தோம். தோட்டப் பொறுப்பாளரை நாங்கள் டாக்டர் என்போம். நாலு வருடமாக இருக்கிறார், எல்லாமே தாளில்தான் பார்ப்பார். "முதல் தாய்க்குப் பிள்ளைங்க நிறைய இருக்கு. அதுல ஏழு போனா வம்சத்துக்கு நஷ்டம் இல்ல" என்று பட்டியல் போட்டார். பட்டியலில் நாலாவது, 1-6. சரிபார்த்தவர் என்ற இடத்தில் அண்ணி கையெழுத்துப் போட்டாள்.

அதே வாரம் தீவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மண் சரிந்து ஒன்பதாம் தாய்மரம் விழுந்துவிட்டதாம். டாக்டர் உச்சுக்கொட்டினார். சாம்பல் பனைகளின் கதையைச் சொல்லி வாசலில் ஒரு பலகை வைக்கலாம் என்று அண்ணியை எழுதச் சொன்னார். 'ஒன்பதாம் தாயின் வம்சம் முழுதாக அழிந்துவிட்டது. அதன் குருத்து மட்டும் செம்பு நிறமாக இருக்கும் என்று தீவுக்காரர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள்' என்று அவள் தன் முத்துக் கையெழுத்தில் எழுதினாள். எழுதும்போது அண்ணன் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கேட்டால் இல்லை என்பாள்.

வெட்டப்போகிற மரங்களின் தகட்டுப் படங்களைக் கோப்பில் ஒட்டுவது வழக்கம். வெள்ளிக்கிழமை காலை 1-6இன் படத்துக்குப் பின்னால் பசை தடவிவிட்டு, ஒட்டுவதற்காகத் திருப்பினாள். படத்தில் தகட்டின் கீழ் விளிம்பில் அரைவட்டமாக ஒரு வெட்டு தெரிந்தது, கிழிந்த பழைய துளையின் மிச்சம். அது மேலே வரும்படி படம் அவள் கையில் தலைகீழாக இருந்தது. 9-1.

அவள் நாற்காலியை விட்டு எழுந்ததைக் கண்ணாடிச் சுவர் வழியாக நான் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. நேரே டாக்டர் அறைக்குப் போனாள். நான் நாற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நின்றேன், ஒட்டுக்கேட்கத்தான்.

"சார், அந்த மரத்தை வெட்டக் கூடாது. அது ஒன்பது. நான்தான் துளையை மாத்திப் போட்டேன்."

"ம்மா, நாலு வருஷம் நீங்கதான் அது இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப இருக்குன்னா நான் எதை நம்பறது? அப்ப மத்த நானூறு தகடும் இப்படித்தானா?"

"மத்ததெல்லாம் சரி சார். இது ஒன்னுதான்."

"இலையைச் சோதனைக்கு அனுப்பினா நாலு மாசம். குருத்தைப் பாக்கலாம்னா இப்பதான் ஒன்னு விரிஞ்சு பச்சையாயிடுச்சு, அடுத்தது வெளிய தெரிய மூணு மாசம். திங்கக்கிழமை மண் வெட்டுற வண்டி வருது." டாக்டர் கொஞ்சம் யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. "உங்க வீட்டுக்காரர் இத்தனை வருஷமா அதுல ஏறிட்டிருக்காரு. அவரு வந்து எல்லார் முன்னாடியும் இது ஒன்பதுதான்னு சொல்லட்டும். அவரு பேச்சை எழுதி வச்சுக்கிட்டு அந்த ஒரு மரத்தை நிறுத்திவைக்கிறேன்."

அன்று சாயங்காலமே அவள் அண்ணனிடம் கேட்டாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து ஏணிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். நான் பக்கத்து வீடுதான், வேலியோரம் நின்றேன்.

"ஏங்க, உங்களுக்குத் தெரியும்ல அது எந்த மரம்னு?"

"எனக்கு என்ன தெரியும். தகட்டுல என்ன இருக்கோ அதான் மரம்."

"தப்பு என் மேலதாங்க. நான் பேசினது தப்பு."

அவன் கயிற்றைச் சுற்றி முடித்தான். "இங்க என்ன பேசின? இங்க ஒன்னும் பேசலியே. பதினோரு பேர் முன்னாடில்ல பேசின?"

இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை காலை சரிவில் எல்லோரும் கூடியிருந்தோம். பழைய பதினோரு பேரில் எட்டுப் பேர் இன்னும் வேலையில் இருந்தோம். அண்ணி முன்னால் வந்து நின்றாள். பதினைந்து வருடம் எல்லோரையும் எண் சொல்லிக் கூப்பிட்ட வாய், கோணிக்கொண்டது.

"அன்னைக்கு இவரு சொன்னதுதான் சரி. நான் ரிஜிஸ்டரைத் தலைகீழாக் குடுத்து இவரை அவமானப்படுத்தினேன். வேணும்னேதான் செஞ்சேன். என்னை மன்னிச்சிருங்க" என்று அண்ணனைப் பார்த்துக் கையைக் கூப்பினாள். யாரோ கனைத்தார்கள். எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது? வந்தது.

டாக்டர், "சொல்லுங்க, இது எந்தத் தாயோட பிள்ளை?" என்று கேட்டார்.

அண்ணன் மரத்தடியில் குனிந்து தகட்டை எடுத்தான். மரத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. தகட்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். "ஒன்னு." கொஞ்சம் நிறுத்தினான். "ஆறு."

அவன் எப்போது எண் படிக்கக் கற்றுக்கொண்டான் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. யாரிடம் போய்க் கற்றான் என்றும் தெரியாது.

"திருப்பிப் பாருங்க" என்றாள் அண்ணி. "ஏங்க, அதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க!"

அவன் தகட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "தலைகீழா இருந்தா எனக்குத்தான் தெரியாதே" என்றான்.

எட்டுப் பேரில் இரண்டு பேர் பழைய பழக்கத்தில் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்கள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப சரி" என்றார்.

பனைக்கு உயிர் ஒரே இடத்தில்தான். உச்சிக் குருத்தை எடுத்துவிட்டால் வேறு எங்கிருந்தும் துளிர்க்காது. அண்ணன் ஏணி சாய்த்து ஏறினான். மட்டைகளைக் கழித்து, கொண்டையைக் கயிற்றில் கட்டி, அறுத்து இறக்கினான். அவசரமே இல்லை. எப்போதும் போலச் சுத்தமான வேலை. தரையில் படிந்ததும் கனம் தாங்காமல் கொண்டை பிளந்தது. உள்ளே அடுத்து வரவேண்டிய குருத்து, இன்னும் மடிப்புக்கூடப் பிரியாதது, புதுச் செம்புக் குடம் மாதிரி மின்னியது.

எல்லோரும் பார்த்தோம். பலகையில் எழுதிவைத்ததை எல்லோரும் படித்திருந்தோம். டாக்டர் குனிந்து அதைத் தொட்டார், நிமிர்ந்து விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "மீதி ஆறையும் மத்தியானத்துக்குள்ள முடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் இறங்கி வந்து தகட்டை அண்ணியின் கையில் வைத்தான். அடுத்த மரத்துக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான்.

மத்தியானம் அவள் நாற்றங்காலுக்கு வந்தாள். அழுதிருந்தாள். மண் பிசைந்துகொண்டிருந்த என் எதிரில் வந்து நின்றாள். பிறகு, "ஒன்பதோட விதையைப் போட்டது நீதானே?" என்றாள்.

"ஆமா அண்ணி."

"எந்தக் குழியில வச்சேன்னு ஞாபகம் இருந்துச்சா?"

"நாலாவது வரிசை, மூணாவது குழி."

"அவரு கோவத்துல செஞ்சாரு. நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

இந்தக் கேள்வி ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியும். பதிலை எட்டு வருடமாக வைத்திருந்தேன். "என்னை யாரும் கேக்கலையே அண்ணி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேஜைக்குத் திரும்பிப் போய்ப் பதிவேட்டைத் திறந்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றேன். 9-1க்கு எதிரே இருந்த பழைய வரியை ஒரு கோடு இழுத்து அடித்தாள், கீழே அன்றைய தேதி போட்டாள். கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. காற்று, பூச்சி, வேர் அழுகல் என்று ஏதாவது ஒன்றை எழுத வேண்டும். சின்னக் கட்டம்தான், அதில் ஒரு பெயர்கூடக் கொள்ளாது. மூன்று பேரை எங்கே எழுதுவது? பேனா முனையைக் கட்டத்தின் ஓரத்தில் வைத்தாள். பிறகு 'வெட்டப்பட்டது' என்று எழுதி, மை காயும்வரை காத்திருந்து, பதிவேட்டை மூடினாள். கையெழுத்து எப்போதும் போல முத்து முத்தாக இருந்தது.